மேலே ஏறி நெருக்க எந்த அமைப்பு? 4-3-3, 4-2-3-1, 4-2-2-2, 3-4-3 ஓர் ஒப்பீடு

வார இறுதிக் காற்பந்துக் குழு ஒன்று "இனி பின்னால் ஒதுங்கி நிற்க மாட்டோம், எதிரணியின் பெனால்டி பகுதியிலேயே போய்ப் பந்தைப் பறிக்க நெருக்குவோம்" என்று முடிவெடுத்ததும் பேச்சு எண்களுக்கு, அதாவது தற்காப்பிலிருந்து தாக்குதல்வரை வரிசைக்கு எத்தனை பேர் என்பதற்குத் தாவிவிடும். கிளோப்பின் லிவர்பூலைப் பார்த்தவர் 4-3-3 என்பார். ஃபிளிக்கின் பார்சலோனாவைப் பார்த்தவர் 4-2-3-1 என்பார். அட்டலாண்டாவை ரசிப்பவருக்கு 3-4-3தான் வேண்டும். லைப்சிக் பாணி பிடித்தவர் 4-2-2-2 என்று நிற்பார்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேலை, தேசிய சேவை, படிப்பு எல்லாவற்றுக்கும் நடுவில் வாரம் ஒரு முறை பயிற்சி செய்யும் குழுவுக்கு 4-2-3-1 போதும். ஆனால் பந்து எதிரணியிடம் போன கணமே அது 4-4-2 ஆக மாறவேண்டும். மற்ற மூன்றும் நல்ல அமைப்புகளே. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வகை ஆட்டக்காரரைக் கேட்கும். அந்த ஆள் இல்லாமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால், அரைமணி நேரத்துக்குள் திடலின் நடுவே பெரிய ஓட்டை விழும்.

முதலில் வெப்பம்

ஐரோப்பாவில் 10 டிகிரியில் ஆடும் குழுவின் ஓட்டத்தை இங்கே அப்படியே எடுத்துவர முடியாது. சிங்கப்பூரில் பகல் உச்ச வெப்பம் ஆண்டு முழுக்க 31, 32 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. வியர்வை வழிகிறது, ஆனால் உலர்வதில்லை; உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. இரவு எட்டு மணி ஆட்டத்தில் வெயில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்நேரத்தில் ஈரப்பதம் பகலைவிடக் கூடுதல். மாலை நான்கு மணிக்குச் செயற்கைப் புல்லில் ஆடினால் கதை வேறு: புல்லின் மேற்பரப்பு காற்றைவிட எவ்வளவோ சூடாக இருக்கும், காலணியின் அடிப்பகுதி வழியே அது தெரியும்.

சிங்கப்பூர் அரசின் மையென்வி செயலியில் டபிள்யூபிஜிடி அளவைப் பார்க்கலாம். வெப்பம், ஈரம், வெயில், காற்று நான்கையும் சேர்த்துக் கணக்கிடுவது அது. 31க்குக் கீழே இருந்தால் வெப்ப அழுத்தம் குறைவு, 31 முதல் 33க்குள் மிதம், 33ஐத் தொட்டால் அதிகம். இந்த அளவு 32ஐத் தாண்டும்போது 30, 75ஆம் நிமிடங்களை ஒட்டி ஃபிஃபா குளிர்விப்பு இடைவேளை தருகிறது. 2014 உலகக் கிண்ணத்தில் ஃபோர்ட்டலேசாவில் நெதர்லாந்தும் மெக்சிகோவும் மோதிய ஆட்டத்தில் அப்படி இடைவேளை விட்டார்கள்.

இதிலிருந்து வரும் முடிவு ஒன்றுதான்: 90 நிமிடமும் நெருக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். முதல் 12 நிமிடம், தண்ணீர் இடைவேளை முடிந்ததும் 5 நிமிடம், இரண்டாம் பாதி தொடங்கியதும் 8 நிமிடம், மூன்று பேரை மாற்றியதும் மீண்டும் 5 நிமிடம் என்று தவணை வைத்து நெருக்குங்கள். நடுவில் உள்ள நேரத்தில் நெருக்கும் கோட்டினை நடுத்திடலுக்கு இறக்கிக் காத்திருங்கள். ஆகவே அமைப்புகளை ஒப்பிடும்போது "எது நன்றாக நெருக்கும்" என்பதோடு, "நெருக்கல் முடிந்ததும் எது சுலபமாகப் பழைய இடத்துக்குத் திரும்பும்" என்பதையும் பார்க்கவேண்டும். 4-4-2க்கு நாங்கள் கூடுதல் மதிப்பெண் தருவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

எல்லா அமைப்புக்கும் பொதுவானது

முழு அளவுத் திடல் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். முன்னால் நிற்கும் ஸ்ட்ரைக்கருக்கும் கடைசித் தற்காப்புக் கோட்டுக்கும் இடையே 30 மீட்டர் இருந்தால் நெருக்கல் பிடிக்கும். பயிற்றுநர் சாக்கி காலத்து ஏசி மிலான் இதை 25 மீட்டருக்குச் சுருக்கி 1989, 1990 ஐரோப்பியக் கிண்ணங்களை வென்றது. நம் மட்டத்தில் 35 மீட்டர் வரை பொறுக்கலாம். 45 ஆகிவிட்டால் முன்னால் ஓடும் மூவரின் உழைப்பும் வீண்.

எப்போது பாய்வது என்பதற்குச் சைகைகள் வேண்டும். நான்கு போதும்: சென்டர்பேக்கிடமிருந்து (நடுத் தற்காப்பு ஆட்டக்காரர்) கோல்காப்பாளருக்குத் திரும்பும் பாஸ், தன் கோலைப் பார்த்தபடி ஒருவர் பந்தை வாங்குவது, முதல் தொடுதலில் பந்து காலை விட்டு ஒரு மீட்டர் விலகுவது, கோட்டோரம் நிற்கும் ஃபுல்பேக்குக்கு (ஓரத் தற்காப்பு ஆட்டக்காரர்) மெதுவாக உருளும் பாஸ். இதற்கு மேல் சைகை வைத்தால் யாருக்கும் நினைவிருக்காது.

பாய்கிறவர் நேராக ஓடக்கூடாது. வில்போல் வளைந்து ஓடி, தன் முதுகுக்குப் பின்னால் ஒரு எதிராளியை மறைத்துக்கொண்டே பந்துக்காரரை நெருங்கவேண்டும். கடைசி இரண்டு மூன்று மீட்டரில் வேகத்தைக் குறைத்துச் சிறு அடிகள் வைக்கவேண்டும். அங்கே வேகம் குறையாவிட்டால் ஒரே உடல் ஏமாற்றில் அவரைத் தாண்டிப் போய்விடுவார்கள். அதைவிட அதிகம் நடக்கும் தவறு, ஒருவர் பாய, மற்றவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பது. அது ஜன்னலைச் சாத்திவிட்டு வாசலைத் திறந்துபோடுவது போல. முதல் ஆள் கிளம்பும்போதே இரண்டாவது, மூன்றாவது ஆட்கள் அடுத்த பாஸ் போகக்கூடிய இடத்துக்கு ஓடத் தொடங்கியிருக்கவேண்டும். வரமுடியாத தூரத்தில் அவர்கள் இருந்தால் முதல் ஆளும் பாயக்கூடாது.

கோல் கிக் விதி 2019இல் மாறியதை மறக்கவேண்டாம். தற்காப்பு ஆட்டக்காரர்கள் இப்போது பெனால்டி பகுதிக்குள்ளேயே பந்தை வாங்கலாம். நாமோ பந்து உதைபட்டு நகரும்வரை வெளியே நிற்கவேண்டும். கோல் பகுதிக் கோட்டருகே நிற்கும் சென்டர்பேக்குக்கும் பெனால்டி பகுதியின் விளிம்பில் நிற்கும் நம் ஆளுக்கும் இடையே சுமார் 11 மீட்டர். ஓடிக் கடக்க இரண்டு வினாடி. அதனால் பந்து உதைபட்ட அந்த நொடியே கிளம்பவேண்டும். சென்டர்பேக் தொட்ட பிறகு கிளம்பினால் அவர் தலையைத் தூக்கிவிடுவார்.

4-3-3: அழகானது, விங்கர்களின் காலைக் கேட்பது

கிளோப்பின் லிவர்பூல் செய்தது இது: சலாவும் மானேயும் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி ஓடி எதிரணி சென்டர்பேக்குகளை நெருக்குவார்கள். ஓடும் பாதையிலேயே ஃபுல்பேக்கை முதுகில் மறைப்பார்கள். நடுவில் ஃபிர்மினோ, எதிரணியின் நம்பர் 6க்கு (தற்காப்புக்கு முன்னால் நிற்கும் நடுத்திடல் ஆட்டக்காரர்) போகும் வழியை அடைப்பார். பந்து நடுவே தள்ளப்படும். அங்கே மூன்று நடுத்திடல் ஆட்டக்காரர்கள் காத்திருப்பார்கள். பறித்த பந்து கோலுக்கு நேர் எதிரே கிடைப்பதால் இரண்டே பாஸில் ஷாட் அடிக்கலாம். தாக்குதலுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

சிக்கல் அகலத்தில் இருக்கிறது. 68 மீட்டரை மூன்று பேர் காத்தால் ஒருவர் பங்கு ஏறத்தாழ 23 மீட்டர். விங்கரின் (ஓரத் தாக்குதல் ஆட்டக்காரர்) தலைக்கு மேலே ஃபுல்பேக்குக்குப் பந்து தூக்கப்பட்டால், அந்தப் பக்கத்து நம்பர் 8 (நடுத்திடல் மூவரில் முன்னால் ஆடும் இருவரில் ஒருவர்) பதினைந்து இருபது மீட்டர் பக்கவாட்டில் ஓடி அடைக்கவேண்டும். ஆட்டத்துக்கு நாலு முறை என்றால் சரி. இருபது முறை ஓடினால் அவருக்கு மூச்சு வாங்கும். அவர் நகர்ந்துவிட்ட நடுத்திடலில் நம் நம்பர் 6 தனியாக மாட்டுவார்.

இன்னொன்று, நம் மட்டத்தில் நெருக்கப்பட்ட சென்டர்பேக் நிதானமாக ஃபுல்பேக்கைத் தேடமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு நெடுக அடித்துவிடுவார். அப்படி வந்து விழும் இரண்டாவது பந்தை யார் எடுப்பது? நம்பர் 8 இருவரும் முன்னே ஏறியிருக்கும்போது அது பெரும்பாலும் எதிரணிக்கே போகும். 4-3-3 நெருக்கல் தோற்பது இங்கேதான்; விங்கரிடம் குற்றம் கண்டுபிடிப்பார்கள், ஓட்டை இருப்பது நடுவில்.

ஓடவும் தெரிந்து, பின்னால் யார் நிற்கிறார் என்று திரும்பிப் பார்க்கவும் தெரிந்த இரண்டு விங்கர்கள் இருந்து, பெஞ்சில் அதே தரத்தில் இன்னும் இருவர் இருந்தால் 4-3-3 எடுங்கள். பந்தை டிரிபிள் செய்வதில் மட்டும் ஆசையுள்ள விங்கர்களை வைத்துக்கொண்டு வேண்டாம்.

4-2-2-2: நடுவை அடைத்து, ஓரத்தைத் தியாகம் செய்வது

லைப்சிக்கை வழிநடத்திய ஜெர்மன் பயிற்றுநர் ராங்னிக் வழிவந்த பாணி. பந்தை இழந்த எட்டு வினாடிக்குள் பறிப்பது, பறித்த பத்து வினாடிக்குள் ஷாட் அடிப்பது என்பது அவர் வைத்த அளவுகோல். இரண்டு ஸ்ட்ரைக்கர், அவர்களுக்குப் பின்னால் உள்பக்கம் ஒடுங்கிய இரண்டு நம்பர் 10 (தாக்கும் நடுத்திடல் ஆட்டக்காரர்), அதற்குப் பின்னால் இரண்டு நடுத்திடல் ஆட்டக்காரர்கள். ஆறு பேரும் சுமார் 35 மீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடுவதால் ஒருவர் தவறவிட்டால் இன்னொருவர் இரண்டு எட்டில் வந்துவிடுவார். தனித்தனியே ஓடும் தூரமும் குறைவு. இந்தக் காலநிலைக்கு அது பெரிய நன்மை.

விலை என்ன? எதிர்ப்பக்க ஃபுல்பேக் முழுக்க விடுபட்டு நிற்பார். 40 மீட்டர் குறுக்குப் பாஸ் ஒன்று சரியாகப் போனால் நம் ஃபுல்பேக் 25 மீட்டர் முன்னால் ஓடிப் போய்ச் சந்திக்கவேண்டும். அவர் விட்டுப்போன இடம் காலி. தொழில்முறை ஆட்டத்தில் அந்தப் பாஸ் தினசரி வரும். வார இறுதி ஆட்டத்தில் அதைத் துல்லியமாக அடிப்பவர்கள் குறைவு, அதிலும் நெருக்கப்படும்போது. முதல் பத்து நிமிடம் கவனியுங்கள்: அப்படிப்பட்ட ஒரு கால் எதிரணியில் இருந்தால் இந்த அமைப்பை விட்டு இறங்குங்கள்.

பந்து நம்மிடம் இருக்கும்போதும் இதற்கு ஒரு குறை உண்டு. அகலம் கொடுக்க ஃபுல்பேக்குகளைத் தவிர வேறு ஆள் இல்லை. அவர்கள் 60 நிமிடத்துக்கு மேல் ஏறி இறங்கமாட்டார்கள் என்றால், பதினோரு பேரை நடுவில் குவித்து நிற்கும் எதிரணியை உடைக்க வழியே இருக்காது.

3-4-3: ஆளுக்கு ஆள்

காஸ்பெரினியின் அட்டலாண்டா 2024 மே 22 அன்று டப்ளினில் பாயர் லெவர்கூசனை 3-0 என்று வென்று யூரோப்பா லீக் கிண்ணத்தை எடுத்தது. மூன்று கோலும் லுக்மன் போட்டவை. அந்த ஆண்டு ஜெர்மன் லீக்கைத் தோல்வியே காணாமல் வென்ற குழு, திடல் முழுக்க ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்ட நெருக்கலில் திணறியது.

முறை எளிது. முன்னால் மூவர், நடுவில் இருவர், ஓரத்தில் தாக்கவும் காக்கவும் ஓடும் விங்பேக் இருவர், ஒவ்வொருவருக்கும் ஓர் எதிராளி. பந்தைப் பார்க்காதே, உன் ஆளைப் பார். விளக்க ஐந்து நிமிடம் போதும் என்பதாலேயே புதிய குழுக்கள் இதில் மயங்குகின்றன. ஆனால் ஒரே ஒரு மோதலில் தோற்றால் மொத்தச் சங்கிலியும் அறும். பின்னால் மூன்று சென்டர்பேக்கும் மூன்று தாக்குதல் ஆட்டக்காரர்களோடு உபரி ஆளின்றி நிற்பார்கள். அவர்களில் ஒருவர் மெதுவானவர் என்றால் எதிரணி கண்டுபிடிக்க ஒரு நெடும்பந்து போதும். விங்பேக்குகள் இரு பெனால்டி பகுதிகளுக்கும் இடையே ஓடிக்கொண்டே இருப்பார்கள். இந்த ஊர் ஈரத்தில் 55, 60ஆம் நிமிடத்தில் இருவரையும் மாற்றியே ஆகவேண்டும். மாற்றுவதற்கு நாலு விங்பேக் இல்லாத குழு இதைத் தொடவேண்டாம்.

4-2-3-1, பந்து போனதும் 4-4-2

பந்து போனதும் நம்பர் 10 ஸ்ட்ரைக்கர் அருகே ஏற, இரு விங்கர்களும் நடுத்திடல் இருவரோடு ஒரே வரிசையில் இறங்குவார்கள். ஏன் இதைப் பரிந்துரைக்கிறோம்? நாலு பேர் கொண்ட நடுவரிசை 68 மீட்டரைப் பங்கிட்டால் ஒருவருக்கு 17 மீட்டர். 4-3-3இன் முன்வரிசையோடு ஒப்பிட்டால் ஆளுக்கு ஆறு மீட்டர் குறைவு. நெருக்கல் உடைந்தால் நாலும் நாலுமாக இரண்டு வரிசை ஏற்கெனவே நிற்கிறது. யாரும் இடம் தேடி ஓடவேண்டியதில்லை. நடுத்திடல் ஆட்டக்காரர் இருவர் பின்னால் நங்கூரமிட்டு நிற்பதால் நெடும்பந்து விழும் இடத்தில் எப்போதும் ஆள் உண்டு.

வேலைப் பிரிவு இப்படி. எதிரணி நான்கு தற்காப்பு ஆட்டக்காரர்களோடு பின்னாலிருந்து பாஸ் பாஸாக ஆட்டத்தைக் கட்டத் தொடங்குகிறது. நம் ஸ்ட்ரைக்கர் வளைந்து ஓடி இரு சென்டர்பேக்குகளுக்கு இடையிலான பாஸை வெட்டி, பந்தை ஒரு பக்கத்துக்கு ஒதுக்குகிறார். நம்பர் 10 எதிரணியின் நம்பர் 6 மீது கைநீட்டும் தூரத்தில் நிற்கிறார். பந்து ஃபுல்பேக்குக்குப் போகும். அதைத்தான் நாம் விரும்புகிறோம், ஏனென்றால் அவருக்கு ஒரு பக்கம் கோடு. நம் விங்கர் பாய்கிறார், அந்தப் பக்கத்து நம் ஃபுல்பேக் எதிரணி விங்கரை முதுகோடு ஒட்டுகிறார், அருகிலுள்ள நடுத்திடல் ஆட்டக்காரர் உள்வழிப் பாஸை அடைக்கிறார். எதிர்ப்பக்க விங்கர் திடலின் மையக் கோடுவரை (இரு கோல்களையும் நேராக இணைப்பதாக நினைத்துக்கொள்ளும் கோடு) உள்ளே வந்துவிடவேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் அதிகம் சோம்பல் வரும். அவர் தன் கோட்டோரத்திலேயே நின்றுவிட்டால் நடுவரிசை நீண்டு, இடையே பாஸ் புகும்.

கோல்காப்பாளருக்குப் பந்து திரும்பினால் யார் போவது என்பதை ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். ஸ்ட்ரைக்கர் போனால், அவர் விட்ட சென்டர்பேக்கை நம்பர் 10 எடுக்கிறார்; அவர் விட்ட நம்பர் 6ஐ நம் நடுத்திடல் இருவரில் ஒருவர் ஏறி எடுக்கிறார். மூன்று பேர் ஒரே நேரத்தில் நகரவேண்டிய கட்டம் இது. குரல் கொடுப்பவர் பின்னால் நிற்கும் நடுத்திடல் ஆட்டக்காரராக இருக்கட்டும். அவருக்குத்தான் முழுப் படமும் தெரியும். அவர் "போ" என்று கத்தினால் மட்டுமே ஸ்ட்ரைக்கர் கோல்காப்பாளரைத் துரத்தவேண்டும்.

இந்த அமைப்பு எங்கே கெடும்? நம்பர் 10 ஆசைக்கு ஆடுபவராக இருந்தால். பந்து போன பிறகு இடுப்பில் கைவைத்து நிற்கும் நம்பர் 10 ஒருவரே மொத்த நெருக்கலையும் காலி செய்துவிடுவார். ஸ்ட்ரைக்கர் தனியாக மூவரைத் துரத்துவார், நடுத்திடல் இருவர் ஏறப் பயந்து 25 மீட்டர் பின்னால் நிற்பார்கள், இடையில் எதிரணியின் நம்பர் 6 நிதானமாகத் திரும்பி ஆடுவார். குழுவின் சிறந்த பாஸ் அடிப்பவரை அந்த இடத்தில் வைக்கவேண்டும் என்ற பழக்கத்தை இங்கே கைவிடுங்கள். சிறந்த ஓட்டக்காரரை அங்கே போடுங்கள். பாஸ் அடிப்பவரைப் பின்னால் உள்ள இருவரில் ஒருவராக்குங்கள்.

உயரக் கோடும் நடுவரும்

முன்னால் நெருக்கினால் பின்னால் தற்காப்புக் கோடு நடுக்கோட்டருகே ஏறியே தீரவேண்டும். 2024 அக்டோபர் 26 அன்று ரியால் மட்ரிட்டின் பெர்னபா அரங்கில் ஃபிளிக்கின் பார்சலோனா 4-0 வென்றபோது ரியால் மட்ரிட் பன்னிரண்டு முறை ஆஃப்சைடில் சிக்கியது. அதில் எட்டு எம்பாப்பே. அதே கோடு 2025 ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் நடந்த சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இன்டர் மிலானிடம் இரு ஆட்டங்களில் ஏழு கோல் வாங்கியது.

அந்தப் பெர்னபா ஆட்டத்துக்குக் காணொளி உதவி நடுவர் முறை இருந்தது. நம் நட்புமுறை ஆட்டங்கள் பலவற்றில் கோட்டோர நடுவரே இருக்கமாட்டார். நடுத்திடலில் நிற்கும் ஒருவர் 40 மீட்டர் தள்ளி நடக்கும் ஆஃப்சைடைச் சரியாகப் பார்க்க வாய்ப்பில்லை. கோட்டோர நடுவர்கள் இல்லாத ஆட்டமென்றால் கோட்டை ஐந்து முதல் ஏழு மீட்டர் இறக்குங்கள். ஆஃப்சைடு பொறியையே நம்பாதீர்கள். ஓட்டத்தை ஓட்டத்தால் தடுக்கும் தூரத்தில் நில்லுங்கள்.

எப்போது ஏறுவது, எப்போது இறங்குவது என்பதற்கு ஒரே விதி: பந்துக்காரர் தலை குனிந்திருந்தால் அல்லது முதுகு காட்டினால் ஏறு, தலை நிமிர்ந்து, யாரும் நெருக்காமல் இருந்தால் உடனே ஐந்து மீட்டர் இறங்கு. சென்டர்பேக்குகளின் வேகம் சுமார்தான் என்றால் கோல்காப்பாளர் பெனால்டி பகுதிக்கு வெளியே நின்று பந்தை வாரிவிடத் துணிந்தவராக இருக்கவேண்டும். இரண்டும் இல்லையென்றால் நான்கு அமைப்பில் எதுவும் உதவாது. நடுத்திடலில் நின்று நெருக்குவதோடு திருப்தி அடையுங்கள், அதுவும் நல்ல ஆட்டமே.

கடைசிப் பத்து நிமிடத்தை முன்கூட்டியே திட்டமிடுங்கள். 2025 மே 18 அன்று பீஷானில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் லீக் 2 இறுதியாட்டத்தில் லயன் சிட்டி செய்லர்ஸ் 91ஆம் நிமிடத்தில் சமன் செய்து, 97ஆம் நிமிடத்தில் ஷார்ஜாவிடம் 2-1 என்று தோற்றது. அந்த மட்டத்திலேயே 90 நிமிடம் கடந்த பிறகு இரண்டு கோல் விழும்போது, களைத்த கால்களோடு மேலே நிற்பதன் ஆபத்தைச் சொல்லவேண்டியதில்லை. மாற்று ஆட்டக்காரர் இருவரை 75ஆம் நிமிடத்துக்கு மேல் வைத்திருங்கள். அவர்கள் விங்கராகவோ ஸ்ட்ரைக்கராகவோ இருக்கட்டும்.

பயிற்சிக்கு ஒன்று

அரைத்திடல் போதும். ஒரு பக்கம் கோல்காப்பாளர், நான்கு தற்காப்பு ஆட்டக்காரர், இரண்டு நடுத்திடல் ஆட்டக்காரர். எதிரே நெருக்குபவர்கள் ஆறு பேர். நடுக்கோட்டில் கோட்டோரம் இரு பக்கமும் சிறு கோல் ஒவ்வொன்று. கட்டுபவர்கள் அதில் போட்டால் ஒரு புள்ளி. நெருக்குபவர்கள் பறித்துப் பத்து வினாடிக்குள் கோல் போட்டால் இரண்டு புள்ளி. ஒவ்வொரு முறையும் கோல் கிக்கில் தொடங்கி 20 வினாடி ஆட்டம், 40 வினாடி ஓய்வு. எட்டு முறை ஆனதும் பக்கம் மாற்றுங்கள். நடுவே மூன்று நிமிடம் தண்ணீர்.

முதல் இரண்டு வாரம் எதிர்ப்பக்க விங்கரை மட்டும் கவனியுங்கள்: பந்து மறுகோட்டில் இருக்கும்போது அவர் கால் மையக் கோட்டைத் தொட்டிருக்கிறதா? தொடாத ஒவ்வொரு முறையும் கட்டுபவர்களுக்கு ஒரு புள்ளி கொடுங்கள். மூன்றாவது வாரம் கோல்காப்பாளரை வேண்டுமென்றே நெடும்பந்து அடிக்கச் சொல்லுங்கள்; அப்போது நடுத்திடல் இருவரும் பந்து காற்றில் இருக்கும்போதே திரும்பிக் கீழே ஓடுகிறார்களா, அல்லது அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்களா என்று பாருங்கள். மழை பெய்து முடிந்த செயற்கைப் புல்லில் ஒருமுறையாவது இதைச் செய்துவிடுங்கள். ஈரத்தில் பந்து வழுக்கி வேகமெடுப்பதால் முதல் தொடுதல் அடிக்கடி தவறும். நெருக்குபவர்களுக்கு அது வரம், வேகத்தைக் குறைக்காமல் பாய்பவருக்கு மட்டும் வழுக்கல்.